பழத்தோடு பார்க்க வந்தவர்

சிவகாசி,
கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கீர்த்திகாவுக்கு அம்மா எழுதுவது.

எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை முதலில் போகிறது. முக்கால்வாசி உண்மையும்கூட. உன் அண்ணன் மகேஷ்குமார் தீபாவளிப் பட்டாசு லோடு முழுவதையும் அனுப்பி முடித்துவிட்டு, அடித்துப் போட்டவன் மாதிரி உறங்கி எழுந்தான். என் முட்டி வலி பழகிவிட்டது. அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார். மும்பையில் நீ சாப்பிடுகிறாயா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. போன வாரம் நீ போட்ட படத்தில் தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. தென்னக அழகி என்று பட்டம் கொடுத்தவர்கள் கொஞ்சம் சோறும் கொடுத்தால் குறைந்தா போவார்கள்?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. நான் போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். இது அவர் காதில் விழக் கூடாத பேச்சு.

நீ கேட்டதற்கு வருகிறேன். இறுதிப் போட்டிக்கு நீ எடுக்கும் படத்தில் அப்பாவின் பேரும் முகமும் வர வேண்டும், கேமரா ஆட்களை வீட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்டாய். இதுவரை மேடையில் 'என்னை வளர்த்த ஒருவருக்கு அல்சைமர்' என்று பொதுவாகத்தான் சொல்லி வந்தாய். இந்த நோயை வீட்டுக்குள் ஒளிக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு நானே ஒளிப்பது நன்றாகவா இருக்கிறது என்றாய். நியாயம்தான். யோசித்து எழுத நாளாகிவிட்டது. அதனால் கோபமோ என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை.

மகேஷுக்குத்தான் கோபம். பட்டறை லைசென்ஸ் இன்னும் அப்பா பேரில் இருக்கிறது. பேர் மாற்ற எழுதிக் கொடுத்தாயிற்று, வர வேண்டியதுதான் பாக்கி. "மொதலாளிக்கே நெனப்பு இல்லையாம்னு வடக்க ஒரு வியாபாரி காதுல விழுந்தாப் போதும்மா, நம்ம சரக்க எவன் வாங்குவான்? இவ தலையில கிரீடம் ஏற நம்ம கம்பெனியக் கவுக்கணுமா?" என்று கத்திவிட்டான். அவனைத் தப்பாக நினைக்காதே. தினமும் அப்பாவைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, மீசை ஒதுக்கி விடுவது அவன்தான். பயந்துபோய்ப் பேசுகிறான்.

பயப்படாமல் என்ன செய்வான்? இடி மின்னலோடு வானம் இருட்டிக்கொண்டு வந்த ஒரு நாள், ஷெட்டுக்குள் இருந்த வெடிமருந்தையெல்லாம் வெளியே கொண்டுவந்து காயப் போடச் சொன்னாரே அப்பா, அன்றைக்கு ஃபோர்மேன் ஒச்சப்பன் சரி முதலாளி, சரி முதலாளி என்று சொல்லிக்கொண்டே மகேஷுக்குப் போன் போட்டதால் பிழைத்தோம். அதிலிருந்து அவரைப் பட்டறைக்கு விடுவதில்லை. ஆனால் காலையில் வேலையாட்களை ஏற்றி வரும் வேன் சத்தம் கேட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். இன்ஸ்பெக்ஷன் வந்திருக்கிறார்களாம், இன்றைக்கு அடைப்பு என்று சொல்லிவைக்கிறேன். இன்ஸ்பெக்ஷன் என்றாலே பட்டறையை அடைப்பது நம் ஊர் வழக்கம், அதனால் நம்பிவிடுகிறார். "தெனமும் என்ன இன்ஸ்பெக்ஷன், சீசன் நேரத்துல?" என்று முனகிக்கொண்டே சட்டையைக் கழற்றிக் கொடுப்பார். அதை வாங்கி மறுபடி ஆணியில் மாட்டிவைப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாயில்பட்டியிலிருந்து நம் பட்டறைக்கு வேலைக்கு வருகிற குருவம்மாள் வீட்டுக்கு வந்திருந்தாள். வாசலில் நின்றே பேசினாள். "பாப்பா பேசுனத வேன்ல அம்புட்டுப் பேரும் போன்ல பாத்தோம்மா. எங்க மாமியாளுக்கு என்னமோ புடிச்சிருக்குன்னு கோடாங்கிகிட்ட கூட்டிப்போய் வேப்பங்கொழையால அடிச்சோம். சீக்குன்னு தெரியாமப் போச்சே. நீங்க மொதலாளிய எந்த டாக்டர்கிட்டக் காட்டுறீக?" என்று கேட்டாள். பட்டறையில் எல்லோருக்கும் ரொம்ப நாளாகவே தெரியுமாம். ஒருத்தரும் வெளியே மூச்சு விடவில்லை. மதுரை டாக்டர் பேரைச் சொல்லி அனுப்பினேன். உன் பேச்சால் ஒரு கிழவி அடி வாங்காமல் இருப்பாள். அழகிப் போட்டி என்றதும் உன்னைத் திட்டியவள் நான். இப்போது பெருமையாகத்தான் இருக்கிறது.

கீர்த்தி, இனி எழுதுவதை நிதானமாகப் படி.

போன புதன்கிழமை டிவியில் உன் பேச்சைப் போட்டார்கள். அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். "யாரு இந்தப் பிள்ள? நல்லாப் பேசுதே" என்றார். நம்ம கீர்த்திதான் என்றேன். "கீர்த்தி பள்ளிக்கூடத்துக்குல்ல போயிருக்கு" என்று என்னைத் திருத்தினார். பிறகு, அது யாருக்குச் சீக்கு என்று சொல்லுது, அதோட அப்பாவுக்கா என்று கேட்டார். ஆமா என்றேன். வேறு என்ன சொல்ல? உன் அப்பா அழுதார். "பாவம் அந்த மனுசன். நம்ம ஊர்க்காரர்தானா? நாம ஒரு எட்டு போய்ப் பாக்கலையே பொன்னு" என்றார்.

காலையில் மறந்திருப்பார் என்று நினைத்தேன். மறக்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கிளம்பு கிளம்பு என்று நின்றார். சீக்காளியை வெறுங்கையோடு பார்க்கப் போகக் கூடாது என்று பஸ் ஸ்டாண்டில் ஆட்டோவை நிறுத்தி இறங்கி, சாத்துக்குடியை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து வாங்கினார். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கினார். யார் வீட்டுக்கு என்று நான் ஆட்டோக்காரரிடம் சொல்வேன்? திருத்தங்கல் ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, கடைசியில் நம் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடச் சொன்னேன்.

வீடு அவருக்கு அடையாளம் தெரியவில்லை. செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, தன்னுடைய நாற்காலியில் உட்காராமல், வந்தவர்கள் உட்காருகிற பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். அதற்குள் நானும் அவருக்கு அந்த வீட்டுக்காரியாகிவிட்டேன். "ஆளு உறங்குறாகளா?" என்று மெதுவாகக் கேட்டார். ஆமா என்றேன். "எழுப்ப வேணாம்" என்று பழப் பையை என் கையில் கொடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து என்னை ஏ பொன்னு என்று அதட்டியே பழகியவர், என்னை வேற்றாளாகப் பார்த்துக் கும்பிட்டார். "கலங்காதீக தாயி. அவுக எதை மறந்தாலும் நீங்க மொகம் சுளிக்காதீக. டிவியில பேசுன உங்க பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். அது ஊர்ல இல்லையாக்கும்? இருக்கும்போது இன்னொரு நாள் வாரேன்" என்றார். என்ன வார்த்தை என்று கேட்டேன். அதை அந்தப் பிள்ளையிடம்தான் சொல்வாராம். நான் அடுப்படிக்குள் போய்ச் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். திரும்பி வந்தபோது, காப்பி போடு பொன்னு என்றார்.

இதுதான் என் பதில் மகளே. அந்த மனுஷனுக்காக இரக்கப்பட அவருக்கு மனசு இருக்கிறது. அந்த மனுஷன் தான்தான் என்று தெரிந்தால் தாங்க மாட்டார். கேமராவை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாலோ, டிவியில் தன் முகத்தைப் பார்த்தாலோ, அய்யாதுரை என்று பேர் காதில் விழுந்தாலோ அது அவருக்குத் தெரிந்துபோகும். வேண்டாம்.

ஆனால் நீ ஒளிக்கவும் வேண்டாம். என் முகத்தைப் போடு. என் பேரைச் சொல்லு. பொன்னுத்தங்கம் என் அம்மா, அவள் தன் கணவருக்கு வந்த மறதி நோயை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள் என்று சொல்லு. ஆட்களை அனுப்பு, நான் பேசுகிறேன். அது டிவியில் வரும் நேரம் பெட்டியை அணைத்து வைத்துக்கொள்கிறேன். அப்பாவை அந்த நேரம் மகேஷ் எங்காவது கூட்டிப் போகட்டும். மகேஷை நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு ஆர்டர் குறைந்தால் குறையட்டும், பட்டினி கிடந்துவிட மாட்டோம்.

அதற்குமுன் நீ ஒரு நடை வர வேண்டும். பயிற்சி இருக்கிறது, லீவு தர மாட்டார்கள் என்று சொல்லாதே. அந்த வார்த்தை இன்னும் எத்தனை நாள் அவர் நெஞ்சில் நிற்கும் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. நேற்றும் அந்தப் பிள்ளை வந்துவிட்டதா என்று கேட்டார். அன்று போலவே ஆட்டோவில் சுற்றி நான் அவரைக் கூட்டி வருகிறேன், அவர் பழத்தோடு வருகிற அன்றைக்கு நீ வீட்டில் இரு. வாங்க என்று கூப்பிட்டு உட்கார வை, தண்ணீர் கொடு. அப்பா என்று கூப்பிட வாய் வரும், கூப்பிட்டுவிடாதே. அழவும் செய்யாதே. யாரோ ஒரு பெரியவர் உன்னைத் தேடி வந்திருக்கிறார் என்று கேட்டுக்கொள். அவர் உன்னிடம் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுப் போகட்டும்.

நீ எந்த மேடையில் நின்றாலும் நல்லபடியாக இரு. சீக்கிரம் வா தாயி.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா
பொன்னுத்தங்கம்