செல்வியின் சின்ன வயதுப் போட்டோ

மே 11, ஞாயிறு

வெயில் தாங்கவில்லை. கிணற்று மோட்டார் எரிந்து மூன்று நாள். கரும்பு வாடுகிறது. மெக்கானிக் "நாளைக்கு" என்கிறான். நேற்றும் அதையேதான் சொன்னான்.

மதியம் படலுக்கு வெளியே இரண்டு பேர். ஒரு பெண், பதினைந்து வயது இருக்கும். கூட ஒரு பையன். அவளைவிட உயரம், முகம் சின்னது.

"நீங்கதான் கோவிந்தசாமியா?"

"ஆமா. நீங்க யாரு?"

"மலையிலேர்ந்து வரோம். செல்வியோட புள்ளைங்க."

என் மகள் செல்வி. மலையில் நர்ஸ் வேலைக்குப் போன இடத்தில் மலைக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். பதினேழு வருடம் ஆகிறது. அன்றோடு பேச்சை நிறுத்தினேன். மூன்று வருடம் முன்னால் மஞ்சள் காமாலையில் இறந்தாள். தகவல் வந்தது. போகவில்லை. என் வயலில் நின்றாலே அந்த மலை தெரியும்.

உள்ளே வாங்க என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவள் மலர்விழி. பத்தாவது எழுதியிருக்கிறாள். அவன் பிரபு, ஒன்பதாவது போகப்போகிறான். ஒரு சொம்பு தண்ணீரை மாற்றி மாற்றிக் குடித்தார்கள். பிறகு அவள்தான் பேசினாள்.

"கல்யாணத்துக்கு அப்புறம் எடுத்த போட்டோதான் எங்ககிட்ட கீது. என் வயசுல அம்மா எப்டி இருந்தாங்கன்னு பாக்கணும். இங்க இருக்கும்ல?"

தேடி வைக்கிறேன், அடுத்த ஞாயிறு வாங்க என்றேன்.

மே 12, திங்கள்

மோட்டார் வந்தது. தண்ணீர் பாய்கிறது.

தேட ஒன்றும் இல்லை. அவள் கல்யாணச் செய்தி வந்த மறுநாள் எல்லாப் படங்களையும் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தினேன். என் மனைவி பார்வதி கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தள்ளிவிட்டேன். இப்போது அவளும் இல்லை.

அந்தப் பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது?

மே 18, ஞாயிறு

க.பாளையம் கடைவீதிக்குப் போய் வாங்கியது: கோழி ஒரு கிலோ, மாம்பழம், முறுக்கு, கலர் சோடா நான்கு பாட்டில், நான்கும் நான்கு நிறம். எது பிடிக்கும் என்று தெரியவில்லை.

பத்து மணிக்கே வந்துவிட்டார்கள். அவள் பாஸ். கணக்கில் மட்டும் மார்க் கம்மியாம், அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் பம்புசெட் தொட்டியில் குதித்து இரண்டு மணி நேரம் ஏறவில்லை. அவனுக்குக் குரல் உடைகிறது. பேச ஆரம்பிக்கும்போது ஆண்பிள்ளை, முடிக்கும்போது கோழிக்குஞ்சு.

"டேய், சார்ஜர குடுடா!"

"காலையிலேர்ந்து நீதான போட்டுகினு கீற!"

"தாத்தா, பாருங்க இவன!"

தாத்தா. எனக்குக் கேட்காதது போல் இருந்துவிட்டேன். இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று.

பக்கத்து வயல் முருகேசன் வரப்பில் நின்று எட்டிப் பார்த்தான். "யாரு இவங்கல்லாம்?"

"என் பேரப்புள்ளைங்க."

பிரபுவுக்குப் பால்பல் விழுந்ததைப் பார்க்கவில்லை. மீசை அரும்புவதைப் பார்க்கக் கிடைத்திருக்கிறது.

கிளம்பும்போது அவள் கேட்டாள். போட்டோ பரணில் இருக்கும், ஏணி இல்லை என்றேன். "நான் ஏறுறேன் தாத்தா" என்றான் பிரபு. வேண்டாம், தேள் இருக்கும் என்றேன். இந்த வயதில் பொய்க்கு மேல் பொய்.

மே 21, புதன்

சின்னசேலம். செல்வியோடு பத்தாவது படித்த தேன்மொழி அங்கே தையல் கடை வைத்திருப்பதாக முருகேசன் மனைவி சொன்னாள். விசாரித்துக் கண்டுபிடித்தேன். நல்ல பெண். உட்கார வைத்தாள். பெட்டியைக் கிளறி வகுப்பு குரூப் போட்டோவை எடுத்தாள்.

மூன்று வரிசை. எல்லாரும் ரெட்டைச் சடை, எல்லாரும் ஒரே தாவணி. ஓரம் கொஞ்சம் செல்லரித்திருந்தது.

"தெரியுதாப்பா?"

இரண்டாவது வரிசையில் ஒரு முகத்தில் விரல் வைத்தேன்.

தேன்மொழி என் விரலை மெல்ல நகர்த்தினாள். "அது நான்ப்பா. செல்வி இதோ, பின்னால."

போட்டோவை எனக்கே கொடுத்துவிட்டாள்.

மே 25, ஞாயிறு

கொடுத்தேன். மலர் மடியில் வைத்துக்கொண்டு, செல்லில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"டேய், மூக்கப் பாருடா. அப்டியே நான்!" அழுதுகொண்டே சிரித்தாள். அவளுக்கு யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள்.

பிறகு, "மத்ததெல்லாம் பரண்லதான கீது? பாக்கலாமா?" பிரபு அதற்குள் ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டான்.

"எறங்குப்பா. அங்க ஒண்ணும் இல்ல. நான் கொளுத்திட்டேன்."

"இன்னாது?"

"உங்கம்மா போட்டோல்லாம். அப்பவே."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

மலர் போட்டோவைத் துப்பட்டாவில் சுற்றினாள். "வாடா" என்றாள்.

"சோறு ஆயிடிச்சும்மா. சாப்ட்டுப் போங்க."

திரும்பவில்லை. அவன் மட்டும் ஒரு முறை திரும்பிப் பார்த்தான். அவர்கள் பஸ் வர இன்னும் மூன்று மணி நேரம். ஸ்டாப்பில் நிழல்கூட இல்லை. வயலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கிட்டே போகத் தைரியம் வரவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

தூறல். கோழி வாங்கினேன். வரவில்லை. நாய்க்குப் போட்டேன்.

ஜூன் 4, புதன்

வெள்ளிமலை பஸ் ஏறினேன். மலை ஏறுவது இதுதான் முதல் தடவை. வளைவுகளில் முன்சீட்டுக் கம்பியை விடவில்லை. வெள்ளிமலையில் இறங்கி நடை. வழி கேட்ட இடத்தில் எல்லாம் "நர்சம்மா வூடா?" என்றார்கள்.

மருமகன் வெள்ளையன் மரவள்ளிக் காட்டில் இருந்து ஓடி வந்தார். கை எல்லாம் மண். "வாங்க மாமா" என்றார். இத்தனை வருடத்தில் அவர் முகத்தை இன்றுதான் பார்க்கிறேன்.

சமாதி பலா மரத்தடியில். சரிவில் பிரபு என் கையைப் பிடித்துக்கொண்டான். கல்லில் கோ. செல்வி என்று இருந்தது. கோ. என் எழுத்து.

"மாத்திக்கலியா?"

"அவ வேணாம்னுட்டா மாமா. அப்பா பேரு இருக்கட்டும்னா."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எழுப்பி அழைத்துவர இருவரும் வேண்டியிருந்தது.

மலர் வெளியே வரவில்லை. சாப்பிட்டேன். எடுத்து வைத்தது வெள்ளையன். கிளம்பும்போது கதவுக்குப் பின்னால் இருந்து குரல்.

"சின்ன வயசுல அம்மாக்கு இன்னா புடிக்கும்?"

வேர்க்கடலை என்றேன். இடி என்றால் பயம், என் துண்டுக்குள் புகுந்துகொள்வாள் என்றேன். சைக்கிள் கற்றுக்கொண்டபோது முழங்கையில் விழுந்த தழும்பைச் சொன்னேன்.

"அப்புறம்?"

யோசித்தேன். எவ்வளவு யோசித்தும் அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. காலையில் வயல், மாலையில் சர்க்கரை மில் வேலை. அவள் வளர்ந்ததை நான் பார்க்கவே இல்லை.

"அவ்ளோதாம்மா தெரியும்."

கதவு திறந்தது. கண் வீங்கியிருந்தது. இரண்டடி தள்ளி உட்கார்ந்தாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"செரி. மிச்சத்த நான் சொல்றேன். நீ கேட்டுக்கோ."

இத்தனை நாள் நீங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.