மூன்று சீட்டிலும் ஒரே அளவு

ஜனவரி 9

அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. இடுப்புவலி, இருமல், பக்கத்து வீட்டு நாய் மூன்றையும் சகித்துக்கொண்டு இங்கே நான் சௌக்கியமாகத்தான் இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் என் வாலுவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் உன்னைப் பிடித்தால், "அக்கா, அடுப்புல இருக்கு, அப்புறம் கூப்பிடறேன்" என்கிறாய். அந்த அப்புறம் எந்தக் கிழமையில் வரும் என்று தெரியாததால்தான் காகிதத்தை எடுத்தேன்.

இத்துடன் வாலுவுக்கு ஒரு மஞ்சள் கவுன். கழுத்துக்கு வெள்ளைப் பட்டி, முதுகில் நான்கு பட்டன். அடியில் மூன்று விரல் துணியை உள்ளே மடித்து விட்டிருக்கிறேன். குழந்தை உயரம் போட்டால் பிரித்து இறக்கிக்கொள். பிரிக்கும்போது பிளேடால் இழுக்காதே, உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

எனக்கு எப்போதும் போல வேலைதான். சலவைக் கடையிலிருந்து வரும் கால்சட்டைகளுக்கு ஜிப் மாற்றுகிறேன், அடி மடித்துத் தைக்கிறேன், ஊரார் தொப்பைக்குத் தகுந்தபடி இடுப்பைப் பிரித்து விடுகிறேன். பகல் முழுக்க மற்றவர் பழசு. சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் வாலுவின் துணியை மிஷினில் வைக்கிறேன். அந்த ஒரு மணி நேரம் இடுப்பு வலிப்பதில்லை, சத்தியமாக.

போன தடவை நீ அனுப்பிய படத்தில் குழந்தையைக் கழுத்துவரை கோட்டு போட்டு மூடியிருக்கிறாய். அதற்கு முந்தின படத்திலும் கோட்டுதான். நான் தைத்ததைக் குழந்தைக்குப் போட்டு ஒரே ஒரு படம் எடுத்து அனுப்பேன். புது அளவும் எழுது.

ஜூன் மாதம் சலவைக் கடையை இரண்டு வாரம் மூடிப் பழுது பார்க்கப் போகிறார்களாம். அப்போது அங்கே வரட்டுமா? பிறந்து ஐந்து வருடமாகியும் நான் இன்னும் தொட்டுப் பார்க்காத குழந்தை அது.

உன் அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சல் வந்தது. கவுன் ரொம்ப அழகு. வாலு அதைப் போட்டுக்கொண்டு வீடெல்லாம் சுற்றினாள், கழற்ற மாட்டேன் என்று ஒரே அடம். படம் எடுக்கத்தான் மறந்துவிட்டேன்.

ஜூனில் இவருக்கு வேலை நேரம் மாறுகிறது. பகலில் தூங்குவார். வீட்டில் இருப்பதே இரண்டு அறை. உனக்குத்தான் சிரமம். அடுத்த வருடம் பார்க்கலாமா?

அளவு கீழே.

மார்பு இருபத்திரண்டரை
இடுப்பு இருபத்தொன்று
கவுன் உயரம் இருபத்துமூன்று
கை ஒன்பது

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை


மே 3

அன்புத் தங்கச்சிக்கு,

கடைத் துணியை ஒதுக்கி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீ எழுதும் அளவை மட்டும் கடிதத்திலிருந்து கிழித்து மிஷின் பக்கத்தில் இருக்கும் கம்பியில் குத்தி வைப்பேன், உனக்குத் தெரியும். தையல் பட்டறையில் வேலை பார்த்த காலத்துப் பழக்கம். நேற்று ஜன்னலைத் திறந்தபோது கம்பி ஆணியோடு பெயர்ந்து விழுந்தது. சீட்டுகளை எல்லாம் பொறுக்கி மேஜையில் அடுக்கினேன். போன வருடம் மார்ச்சில் ஒன்று, அக்டோபரில் ஒன்று, இந்தப் பிப்ரவரியில் ஒன்று. மூன்றிலும் மார்பு இருபத்திரண்டரை. மூன்றிலும் கவுன் உயரம் இருபத்துமூன்று. கால் அங்குலம்கூட வித்தியாசம் இல்லை.

இந்த வயதில் குழந்தை ஆறு மாதத்துக்கு ஒரு விரல் அகலமாவது ஏற வேண்டாமா? எதிர்வீட்டு நர்ஸிடம் ஓடினேன். அவளும் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஒரு வருஷமா வளரவே இல்லைன்னா சும்மா விடக் கூடாதுக்கா, டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க" என்றாள். அவளுக்கும் ஐந்து வயதில் ஒரு பெண் இருக்கிறாள். அது மரம் மாதிரி வளர்கிறது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயம் கூடுகிறது.

ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? என்னிடம் எதையாவது மறைக்கிறாயா? அதனால்தான் கோட்டு போட்டே படம் எடுக்கிறாயா? எதுவானாலும் சொல்லிவிடு, தாங்கிக்கொள்வேன்.

ஜூன் ஐந்தாம் தேதி புறப்பட டிக்கெட் எடுத்துவிட்டேன். வேண்டாம் என்று எழுதாதே. மாப்பிள்ளை பகலில் தூங்கினால் தூங்கட்டும். நான் சமையலறையில் ஒரு ஓரமாகச் சுருண்டுகொள்வேன்.

உன் அக்கா


மே 16

அக்கா,

வராதே. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு.

குழந்தைக்கு ஒன்றும் இல்லை. வகுப்பிலேயே உயரமான பெண் அவள்தான். நான் அவளை அளக்கவே இல்லை. முதல் தடவை அளந்ததோடு சரி. அதன் பிறகு நீ கேட்கும்போதெல்லாம் பழைய அளவைப் பார்த்து எழுதி அனுப்பிவிட்டேன். நீ மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாய் என்று எனக்குத் தோன்றவில்லை.

நீ தைத்தது எதையும் அவள் போட்டதில்லை. பதினொரு உடுப்பும் அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. வீடெல்லாம் சுற்றினாள் என்று எழுதியது பொய். ஒரு நாள் அவளே நாற்காலி போட்டு ஏறி ஒன்றை எடுத்துவிட்டாள். "இது யாரும்மா குடுத்தா?" என்றாள். "எனக்குத் தெரிஞ்ச ஒரு தையல்காரம்மா. உனக்குப் பத்தாது, வச்சிடு" என்று வாங்கி உள்ளே வைத்தேன். நான் கெட்டவள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

பார்சலைப் பிரித்ததும் சுண்ணக்கட்டியும் மிஷின் எண்ணெயும் கலந்த அந்த வாசனை வருகிறது பார், அக்கா, நான் அப்படியே ஒன்பது வயதாகிவிடுகிறேன். பள்ளி ஆண்டுவிழாவில் நான் பாட்டு ஒப்பித்தது உனக்கு நினைவிருக்கும். நீ வேலை பார்த்த திரைச்சீலைப் பட்டறையில் மிஞ்சிய துணி என்று சொல்லி, கரும்பச்சையில் மஞ்சள் இலை போட்ட தடித்த துணியில் கவுன் தைத்துப் போட்டு அனுப்பினாய். மேடைக்குப் போய் நின்றேன். எனக்குப் பின்னால் தொங்கிய திரையும் அதே கரும்பச்சை, அதே மஞ்சள் இலை. கீழே இருந்தவர்களுக்கு என் தலையும் கைகால்களும் மட்டும்தான் தெரிந்ததாம். யாரோ, "டேய், திரை பாடுதுடா!" என்றான். கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குப் பாட்டு மறந்துபோயிற்று. முன்வரிசையில் உட்கார்ந்து நீ மட்டும் கைதட்டிக்கொண்டிருந்தாய். நான் நின்றுவிட்ட பிறகும் தட்டினாய்.

பள்ளியை விடும்வரை என் பெயர் ஜன்னல். உன்னிடம் சொன்னதில்லை. சொன்னால் நீ அழுவாய், உன்னைச் சமாதானப்படுத்தும் வேலையும் எனக்கே வரும்.

என் பெண்ணுக்குக் கடையில்தான் வாங்குகிறேன். எல்லோரும் போடுகிற மாதிரி அவளும் போடுகிறாள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு அது போதும்.

தங்கை


மே 29

தங்கச்சிக்கு,

குழந்தை நன்றாக இருக்கிறாள் என்று படித்ததும் முதலில் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி அடுத்த வரியைப் படிக்கும்வரைதான்.

டிக்கெட்டைத் திருப்பிவிட்டேன். பதினொரு உடுப்புக்கு நான் கணக்குப் பார்க்கவில்லை. பட்டன் துளைக்குக் காஜாவை எல்லாம் கையாலேயே தைத்தேன், மிஷினில் போட்டால் குழந்தையின் முதுகில் உறுத்தும் என்று. போகட்டும். என்னைத் தையல்காரம்மா என்றாயே, அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். பெற்ற அம்மா போனபோது உனக்கு ஆறு வயது, எனக்குப் பதினெட்டு. காய்ச்சல் வந்தால் இந்தத் தையல்காரம்மா மடியில்தான் கிடந்தாய்.

அந்தத் திரையைப் பற்றி நான் சாகும்வரை வாய் திறப்பதில்லை என்று இருந்தேன். நீ ஆரம்பித்துவிட்டாய், கேட்டுக்கொள்.

அது மிஞ்சிய துணி இல்லை. புது உடுப்பு இல்லாமல் மேடை ஏற மாட்டேன் என்று நீ இரண்டு நாள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். வீட்டில் கந்தல்கூட இல்லை. பட்டறையில் எங்களிடம் வருவது எண் போட்ட சீட்டு மட்டும்தான். இத்தனை அகலம், இத்தனை உயரம், இத்தனை மடிப்பு. யார் வீட்டுக்கு, எந்த ஆபீசுக்கு என்றெல்லாம் எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். பெரிய ஆர்டர் ஒன்று என் மேஜைக்கு வந்தது. இவ்வளவு பெரிய திரையில் இரண்டு பக்கமும் ஒரு சாண் குறைந்தால் எவன் பார்க்கப் போகிறான் என்று நினைத்து வெட்டினேன். வாழ்க்கையில் நான் திருடியது அந்த ஒரு தடவைதான்.

அது உன் பள்ளிக்கூடத்துத் திரை என்று மேடை விளக்கு எரிந்த பிறகுதான் எனக்கும் தெரியும். நீ போய் நின்றதும் எனக்கு உயிரே போய்விட்டது. சிரிப்புச் சத்தம் உன் காதில் விழக் கூடாது என்றுதான் விடாமல் கைதட்டினேன். உள்ளங்கை சிவந்துவிட்டது. பிறகு அதே துணியில் தைத்த முன்திரையை இரண்டு பக்கமிருந்தும் இழுத்தார்கள். நடுவில் சேரவில்லை. இரண்டு சாண் இடைவெளி. அந்த வழியாகப் பிள்ளைகள் எட்டிப் பார்த்துக் கூத்தடித்தது உனக்கும் நினைவிருக்கும்.

தலைமை ஆசிரியை பட்டறைக்கு ஆள் அனுப்பினார். முதலாளி எல்லோர் முன்னாலும் டேப்பை என் கையில் கொடுத்து, "நீயே அளந்து சொல்லும்மா" என்றார். அளந்தேன். அன்றோடு வேலை போயிற்று. மற்ற பட்டறைகளுக்கும் சொல்லிவிட்டார்கள். கண்வலி என்று உன்னிடம் சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்து கால்சட்டை அடி மடிக்க ஆரம்பித்தேன். இருபத்துநான்கு வருடமாக மடித்துக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு ஜன்னல் என்று பெயர் வைத்தார்கள். எனக்கு வைத்த பெயரை எழுத என் கை வரவில்லை.

அக்கா


ஜூன் 17

அக்கா,

உன் கடிதத்தைப் பத்து தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன். அப்புறம் கோபம் வந்தது, இன்னும் போகவில்லை.

இதை ஏன் இப்போது சொல்கிறாய்? வேலை போன அன்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பதினைந்து வயதானபோது சொல்லியிருக்கலாம். என் கல்யாணத்தன்று, "எல்லாத்தையும் உனக்காகத்தானே செஞ்சேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாயே, அப்போதாவது எதை என்று விளக்கியிருக்கலாம். நீ சொல்லவில்லை. என்றாவது ஒரு நாள் சொல்லிக் காட்டுவதற்குப் பத்திரமாக வைத்திருந்தாய். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதும் எடுத்து வீசிவிட்டாய்.

சின்ன வயதில் பட்ட ஒரே ஒரு அவமானம், அது எனக்கென்று இருந்தது. அதையும் வாங்கிக்கொண்டு அந்த இடத்தில் நன்றியை வைக்கச் சொல்கிறாய். யாரை நான் இவ்வளவு நாள் வெறுத்தேனோ அவளுக்கே கடன்பட்டிருக்கிறேன் என்று தெரிந்தால், நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

இனி உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு நிம்மதியாக ஒரு வாய் சோறு இறங்காது. நீ சும்மா இருந்தாலும் நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். என்னால் முடியாது. என் பெண்ணுக்கு இந்தப் பாரம் வேண்டாம்.

பதினொன்றையும் இவர் தனியாகப் பெட்டி கட்டி அனுப்பியிருக்கிறார். யாருக்காவது பயன்படட்டும்.

உன்னைத் தையல்காரம்மா என்று சொன்னது தப்பு. அதற்கு மட்டும் மன்னித்துவிடு.

தங்கை


ஜூலை 28

தங்கச்சிக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. பதினொன்றும் மடிப்புக் கலையாமல் இருந்தன.

நீ எழுதியது சரிதான். உனக்கு வலிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். உன் நன்மைக்காகத்தான் மறைத்தேன் என்று இத்தனை காலம் நானே என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தேன். எழுதி முடித்தபோது எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. அது நல்ல சந்தோஷம் இல்லை.

இரண்டு வாரம் பெட்டியைத் திறந்தபடியே மேஜையில் போட்டு வைத்திருந்தேன். போன சனிக்கிழமை எதிர்வீட்டு நர்ஸ் தன் பெண்ணை என்னிடம் விட்டுவிட்டுக் கடைக்குப் போனாள். குழந்தை பெட்டிக்குள் தலையை விட்டு ஒவ்வொன்றாக வெளியே இழுத்தது. "இதெல்லாம் யாருது?" என்றது. "யாருதும் இல்ல" என்றேன். "அப்ப நான் போட்டுக்கவா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் சிவப்புக் கோடு போட்டதைத் தலைவழியாக மாட்டிக்கொண்டது. முதுகுப் பட்டனைக்கூடப் போடவிடவில்லை. வெளியே ஓடிவிட்டது.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தது. முன்பக்கம் முழுக்கச் சேறு. ஒரு கையில் தையல் விட்டிருந்தது, அடி மடிப்பு பிரிந்து தொங்கியது. நான் உட்கார்ந்து அழுதுவிட்டேன். நர்ஸ் வந்து பார்த்து, துணி பாழானதற்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "தொவச்சுக் குடுத்துடறேங்கா, மன்னிச்சிடுங்க" என்று பதறிப்போனாள். வாலுவுக்கென்று தைத்ததில் நான் பார்த்த முதல் அழுக்கு அதுதான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

துணி அந்தக் குழந்தைக்கு இறுக்கமாகத்தான் இருந்தது. அதனால் டேப்பை எடுத்து அளந்தேன். அக்குளில் கூசுகிறது என்று நெளிந்து நெளிந்து சிரித்ததில் மூன்று தடவை அளக்க வேண்டியிருந்தது. மார்பு இருபத்துநான்கு வந்தது. குழந்தையை அளக்கும்போது அதன் மூச்சுப்பட்டு என் மூக்குக்கண்ணாடி மங்கும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

எனக்கு உன்மேல் இருந்த கோபம் போய்விட்டது. போனபிறகு தேடிப் பார்க்கிறேன், அதன் அடியில் வேறெதுவும் அகப்படவில்லை. அதுதான் துக்கமாக இருக்கிறது.

நீ எழுத வேண்டாம், நானும் எழுதவில்லை. அடுத்த வாரம் நர்ஸின் பெண்ணுக்குப் பிறந்தநாள். நீலத் துணி வெட்டி வைத்திருக்கிறேன். கை இன்னும் பொருத்தவில்லை. போட்டுப் பார்க்க மாலையில் வந்து நிற்கிறேன் என்றிருக்கிறது குழந்தை.

அக்கா