சீட்டைத் தூக்கிப் பார்க்கும் மருந்து

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை பாகூரில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் ஒரு பெண் என் மேல் பன்னீர் தெளித்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் சட்டென்று குனிந்து என் வேட்டியைப் பார்த்துக்கொண்டேன். ஐம்பத்திரண்டு வயது ஆம்பளை ஏன் அப்படிப் பார்த்தான் என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவர் நீங்கள், போய்விட்டீர்கள். எந்த ரகசியத்தையும் தனியாகச் சுமக்கத் துப்பில்லாதவன் நான் என்று உங்களுக்கே தெரியும். அதனால் எழுதியே விடுகிறேன்: எல்லைச் சாவடியில் பயத்தில் வேட்டியை நனைத்தவன் நான்.

அன்றைக்கு உங்கள் நாத்தனார் மகள் கல்யாணம், எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். மாப்பிள்ளை வீட்டு ஆம்பளைகளுக்கு நம் புதுச்சேரிச் சரக்கு தொண்டையில் இறங்காமல் தாலி ஏறாது போலிருந்தது. மடுகரையில் என் வேனின் முன்சீட்டைத் தூக்கி, அடியில் பாட்டில்களை அடுக்கி, பலகை போட்டு மூடி, சீட்டை வைத்து, அதன்மேல் உங்களை வைத்தோம். பட்டுப்புடவை, நெற்றி நிறையக் குங்குமம், மடியில் சீர்த்தட்டு, கையில் பன்னீர்ச்செம்பு. சாவடிக்காரர் ஜன்னலில் குனிந்தார்.

"கல்யாணத்துக்குப் போறோம் தம்பி. நீயும் நல்லா இருப்பா" என்று அவர் மேலேயே நாலு சொட்டு தெளித்தீர்கள். மனுஷன் கும்பிடாத குறையாக வழிவிட்டார். அதற்குள் என் பக்கம் கதை முடிந்திருந்தது. ஓரக்கண்ணால் பார்த்தீர்கள். செம்பை அப்படியே என் மடியில் கவிழ்த்தீர்கள்.

"அய்யய்யோ, கை தவறிடுச்சிடா" என்றீர்கள், பின்சீட்டுக்காரர்கள் காதில் விழும்படி. மண்டபத்தில் மாப்பிள்ளையைவிட டிரைவர்தான் அதிகம் மணந்தான்.

பல வருஷம் கழித்து உங்கள் நுரையீரலில் கட்டி என்றார்கள். பீடி, சிகரெட் பக்கம் போகாத பொம்பளைக்கு எப்படி என்று ஊர் துக்கத்தோடு துப்பும் துலக்கியது. மூன்றாவது வீட்டுக்காரி, பெயர் சொல்ல மாட்டேன், சொல்லாவிட்டாலும் மடுகரைக்கே தெரியும், ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து உட்கார்ந்து மெல்லக் கேட்டாள்: "மறைவா எதுனா பிடிச்சிகினு இருந்தியாக்கா?"

"ஆமாம்மா. உன் வூட்டுக்காரன் மிச்சம் வெச்ச துண்டு பீடிதான்."

அவள் எழுந்த வேகத்தில் ஹார்லிக்ஸைத் திரும்ப எடுத்துப் போய்விட்டாள். உங்களுக்கு அதில்தான் வருத்தம்.

பெரிய ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயசு டாக்டரம்மா, ஸ்கேன் கவரின் பின்பக்கம் வட்டம் வட்டமாகப் போட்டு விளக்கியது ஞாபகம் இருக்கிறதா? உடம்பின் செல்கள் ஒன்றோடொன்று ஓயாமல் பேசுகின்றன, அவற்றின் பேச்சு பெரும்பாலும் புரதங்கள்தான் என்றார். நல்ல செல் 'வளரு' என்று சேதி வந்தால் வளரும், 'நிறுத்து' என்றால் நிறுத்தும். புற்றுச்செல் 'நிறுத்து' வந்தாலும் காதில் போட்டுக்கொள்ளாது. அது மட்டுமா, பக்கத்து இரத்தக்குழாய்க்குப் புரதத்தைத் தூது அனுப்பி 'என் பக்கமும் ஒரு கிளை நீட்டு' என்று கேட்டு வாங்கிக்கொள்ளும்.

"அப்ப காவல்காரன் இன்னா பண்றான்?" என்று கேட்டீர்கள்.

காவல் செல்கள் ரோந்து வரும், ஒவ்வொரு செல்லாகத் தொட்டுப் பார்க்கும் என்றார் டாக்டரம்மா. ஆனால் சில புற்றுச்செல்கள் மேலே ஒரு புரதத்தை நீட்டிக் காட்டும். 'நானும் இந்த உடம்புதான், விட்டுடு' என்று அதற்கு அர்த்தம். நல்ல செல்களும் காட்டுகிற அடையாளம்தான். காவல் செல் அதைத் தொட்டதும் அடங்கிப் போய்விடும்.

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"பட்டுப்புடவ கட்டிகினு பன்னீர் தெளிக்குதுன்னு சொல்லுங்க" என்றீர்கள். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. பாட்டில், பலகை, சாவடி எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னீர்கள். வேட்டியை மட்டும் விட்டுவிட்டீர்கள். அந்தப் பெருந்தன்மைக்கு இன்றைக்கும் கும்பிடு. அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தது.

"அதேதாம்மா. அந்தச் செம்பைப் பிடுங்கிப்போட ஒரு மருந்து இருக்கு. ஆனா எல்லாக் கட்டியிலும் அந்தப் புரதம் இருக்காது. உங்க கட்டித் துண்டைச் சோதிச்சுப் பாத்துதான் சொல்ல முடியும்."

அன்றிலிருந்து அது உங்கள் மருந்தாகிவிட்டது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை வேனில் அழைத்துப் போவேன். நீங்கள் உள்ளே போவீர்கள். ஊசியைப் பார்த்தாலே மயங்குகிற வீரன் நான் எதிர்க்கடையில் டீ குடிப்பேன். வார்டில் நீங்கள் நடத்திய பாடத்தைப் பிறகு நர்ஸ்கள்தான் சொன்னார்கள். வீராம்பட்டினத்து மீன்காரம்மா ஒருத்தி அழுதுகொண்டிருந்தாளாம். "அழாத. மூஞ்சியப் பாத்து அனுப்பாத, சீட்டத் தூக்கிப் பாருன்னு போலீசுக்குச் சொல்ற மருந்து வந்துகீது. இது நம்ம பாவமும் இல்ல, புண்ணியமும் இல்ல. வெறும் கள்ளக்கடத்தல்" என்றீர்களாம். பக்கத்துக் கட்டில்காரர்கள் டிரிப் ஏறுகிற கையோடு சிரித்தார்களாம்.

முடி கொட்டியபோது ஏன் என்று கேட்டேன். "சாவடிக்காரன் கொஞ்சம் ஓவரா சோதிக்கிறான்டா" என்று தலையைத் தடவிக்கொண்டீர்கள். முக்காடு போடச் சொன்ன உங்கள் மாமியாரிடம், "திருப்பதிக்குப் போனா மட்டும் அழகா இருக்குதா?" என்றீர்கள். மொட்டைத் தலையோடு வில்லியனூர்த் தேருக்கு வந்து, நடு வீதியில் நின்று வடம் பிடித்தீர்கள்.

ஒருநாள் வேனில் என் கழுத்தைப் பார்த்தீர்கள்.

"இன்னாடா அது, துண்டப் போட்டு மூடிகினு?"

"கொழுப்புக் கட்டிக்கா. அஞ்சு வருஷமா இருக்குது."

"நீயே பன்னீர் தெளிச்சி, நீயே வழிவிட்டுக்கறியா? வண்டியத் திருப்பு."

திருப்பினேன். டாக்டரம்மா ஊசி வைத்துப் பார்த்தார். நான் மயங்கினேன். அது கொழுப்புக் கட்டியேதான். "உனக்குக் கொழுப்புன்னு ஊருக்கே தெரியும், இப்ப ரிப்போர்ட்டும் வந்துடுச்சி" என்றீர்கள்.

பதினாலு மாதம் இருந்தீர்கள். 'கடைசியில நோய்தான் ஜெயிச்சுது' என்று உங்கள் கருமாதிப் பந்தலிலேயே ஒருவர் பேசினார். எழுந்து சண்டைக்குப் போனேன், நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். இப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாயை மூடிக்கொண்டு, முகத்தை மூடிக்கொண்டு போ என்றுதான் எல்லாரும் உங்களிடம் சொன்னார்கள். நீங்கள் இரண்டையும் மூடவில்லை. நான் சுமப்பது அதைத்தான். யாராவது "ஒண்ணுமில்ல, சும்மா ஒரு கட்டி" என்று சொன்னால் போதும், அவர்களை வேனில் ஏற்றிவிடுகிறேன். இதுவரை ஏழு பேர். இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை. ஒருத்திக்கு அது புற்றுதான், சீக்கிரம் பார்த்ததால் பிழைத்திருக்கிறாள், ஹார்லிக்ஸ்காரி.

ஞாயிற்றுக்கிழமை பன்னீர் வாசனையோடு வீட்டுக்கு வந்தவன், சபலம்தான், பாட்டில் ஏதாவது மிச்சம் இருக்குமோ என்று முன்சீட்டைத் தூக்கிப் பலகையை நகர்த்தினேன். பாட்டில் இல்லை. நீங்கள் மடிக்கிற மாதிரியே நாலாக மடித்த காகிதம் ஒன்று இருந்தது. உங்கள் பெயர், உங்கள் கட்டித் துண்டு, அந்தப் புரதத்துக்கான சோதனை. என் இங்கிலீஷ் அரைகுறை, ஆனாலும் நெகட்டிவ் என்பதைப் படிக்கத் தெரியும். அந்த மருந்து உங்களுக்கு ஒரு சொட்டும் ஏறியதில்லை என்று டாக்டரம்மா போனில் சொன்னார். ஏறியதெல்லாம் எல்லாருக்கும் போடுகிற பழைய மருந்து.

தேதியைப் பார்த்தேன். உங்களுக்கு முதல் மருந்து ஏறுவதற்கு நாலு நாள் முன்னால்.