சுவரில் இறங்கும் கோடு

அன்பு மகளுக்கு,

இங்கே உன் அண்ணனின் பெரியவன் கணக்கில் முதல் மார்க். சின்னவள் ஓட்டத்தில் கோப்பை வாங்கினாள். உன் மகன் மேடையேறிப் பேசினானாம், நீ சொல்லாமலே உன் அண்ணி மூலம் தெரிந்தது.

தோளுக்குப் புது மூட்டு வைத்து இரண்டு மாதம். தினமும் சுவரில் விரல்களை எறும்பு போல ஏற்றுகிறேன். எட்டிய இடத்தில் உன் அண்ணி பென்சிலால் கோடு போடுகிறாள்.

"அத்தை, நேத்தைவிட ரெண்டு விரக்கடை மேல போயிட்டீங்க!"

எனக்குச் சந்தேகம். நகத்தால் ரகசியமாக ஒரு கீறல் போட்டேன். பத்து நாளாக என் விரல் அந்தக் கீறலைத் தாண்டவில்லை. நேற்றைய கோட்டைத்தான் அவள் அழித்துவிட்டு இரண்டு விரல் அகலம் கீழே வரைகிறாள். போனில் அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது நீதானே? இந்தக் கை இனி எழாது என்று இருவரும் முடிவு கட்டிவிட்டீர்களா?

ஐந்தாவதுதான் படித்தேன். அளக்கத் தெரியும்.

கீறலுக்கு ஒரு சாண் மேலே ஆணி அடிக்கச் சொல்லிவிட்டேன். நானே மாட்டவேண்டும். உன் மகனின் புது போட்டோவைத் தபாலில் அனுப்பு.

உன் அம்மா