ஆக்-ஜார் என்று எழுதிய பயண உத்தரவு

பிஷ்கெக்,
அக்டோபர் 17, வியாழன் பிற்பகல்.

அன்புள்ள அசில்கானுக்கு,

அல்மாட்டியில் நீயும் நம் மகள் நூரைமும் பேரனும் சுகமாக இருக்க வேண்டும் என்ற நினைப்போடு மெலிஸ் எழுதுகிறேன். பேருந்து ஓட்டும் சாபர் இதை உன் கையில் தருவான். நூரைம் பக்கத்தில் இருந்தால் பிரிக்காதே. பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது, அவள் பயப்படக் கூடாது. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு படி.

நேற்றிலிருந்து நான் ஏன் போனை எடுக்கவில்லை என்று கவலைப்பட்டிருப்பாய். போன் என்னிடம் இல்லை. விசாரணைக்காரர்கள் இரண்டு பேர் அலுவலகத்துக்கு வந்து என் போனையும் கணினியையும் எடுத்துப் போய்விட்டார்கள். போனில் பேரன் கொட்டாவி விடும் படங்கள்தான் இருக்கின்றன. பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ செய்து வைத்துப் போன ஜாம் இன்னும் பாதி இருக்கிறது. ரொட்டி வாங்க மட்டும் வெளியே போகிறேன்.

பெர்மெத்தை உனக்கு நினைவிருக்கும். பனியாறுகளை அளக்கிற பெண். வசந்த காலத்தில் நம் வீட்டுக்கு வந்து மந்திக் கொழுக்கட்டை சாப்பிட்டாள், வேண்டாம் என்று நீ சொல்லச் சொல்லத் தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அவளையும் ஓட்டுநர் கூபாத்தையும் மலையில் காணவில்லை. வெள்ளிக்கிழமை போனார்கள். சனி இரவு பனி கொட்டியது. ஞாயிறு மாலை திரும்பியிருக்க வேண்டும். இன்றோடு நான்கு நாள் கூடுதலாகிவிட்டது.

இதில் என் பங்கு என்ன என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தில் என் வேலை உனக்குத் தெரியும். வெளிநாட்டு அறக்கட்டளைகள் ஆராய்ச்சிக்குப் பணம் தருகின்றன. சொன்ன ஆள் சொன்ன இடத்தில் சொன்ன வேலையைச் செய்தார் என்று அவர்களுக்குக் காகிதத்தில் காட்டுவது நான். பெர்மெத்தின் ஆராய்ச்சிக்கு அவர்கள் ஒப்புக்கொண்ட இடம் ஆக்-ஜார் பள்ளத்தாக்கு. ஆனால் அங்கே இந்தக் கோடையோடு பனி விளிம்பு பின்வாங்கிப் போய், அளவுக்கு நட்ட கம்பிகள் எல்லாம் வெறும் தரையில் விழுந்து கிடக்கின்றன. என் மேசை முன்னால் வந்து நின்று, "சார், ஆக்-ஜார்ல நான் போய் எதை அளக்கிறது? சேத்தையா?" என்று கேட்டாள். மலையின் மறுபக்கம் துயூக் பள்ளத்தாக்கில் பனி இருக்கிறது, அங்கே போகிறேன் என்றாள்.

இடத்தை மாற்ற வேண்டுமானால் அறக்கட்டளைக்கு எழுதி அனுமதி வாங்க வேண்டும். பதில் வர இரண்டு மாதம் ஆகும். அதற்குள் குளிர்காலம் வந்து வழி அடைத்துவிடும். அதனால் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். பயண உத்தரவில் ஆக்-ஜார் என்று எழுதினேன். ஆட்களைத் துயூக்குக்கு அனுப்பினேன். கூபாத் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "காகிதம் ஒரு ஊருக்குப் போகுது, வண்டி ஒரு ஊருக்குப் போகுது. அப்போ ரெண்டு பயணப்படி குடுங்க வாத்தியாரே" என்று கேலி செய்தான். நானும் சிரித்தேன்.

இது எனக்குத் தப்பாகவே படவில்லை, அசில்கான். பள்ளியில் இருபது வருடம் இதைத்தானே செய்தோம். இலையுதிர் காலம் வந்தால் பிள்ளைகள் எல்லாம் பீட்ரூட் வயலில் குனிந்து கிழங்கு பிடுங்குவார்கள். நான் வரப்பில் உட்கார்ந்து பாடக் குறிப்பேட்டில் 'ஆப்பிரிக்காவின் ஆறுகள்' என்று எழுதுவேன். ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தக் குறிப்பேட்டை நம்பி யாரும் யாரையும் தேடிப் போகவில்லை.

பயண உத்தரவை நம்பித் தேடிப் போனார்கள். திங்கள் மாலை மீட்புப் படையிலிருந்து கேட்டபோது, எங்கள் பிரிவுத் தலைவர் சத்தார்பெக் கோப்பிலிருந்து அதைத்தான் நகல் எடுத்துக் கொடுத்தார். நான் அவரைத் தனியாக அழைத்து, அவர்கள் போனது துயூக்குக்கு என்று சொன்னேன். "ஒரு ராத்திரி பொறுங்க. ஒருவேளை ஆக்-ஜார் பக்கமே இறங்கியிருப்பாங்க. இப்போ வாயைத் திறந்தா அறக்கட்டளை எல்லா ஆராய்ச்சியையும் நிறுத்திடும். நாப்பது குடும்பம் நடுத்தெருவுல நிக்கும்" என்றார். நான் பொறுத்தேன். வீட்டுக்கு வந்து ரொட்டியும் சாப்பிட்டேன். காணாமல் போனது நம் பிள்ளையாக இருந்தால் செருப்பில்லாமல் ஓடியிருப்பேன்.

செவ்வாய் காலை மீட்புப் படை அலுவலகத்துக்குப் போனேன். அதற்குள் ஹெலிகாப்டர் ஆக்-ஜாருக்குப் புறப்பட்டுவிட்டது. அங்கிருந்த அதிகாரி மாரத், நாற்பதைத் தாண்டியவர். துயூக்குக்குப் போயிருக்கலாம் என்று நான் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார். "எப்போலேர்ந்து தெரியும் பெரியவரே?" என்று கேட்டார். நேற்று மாலையிலிருந்து என்றேன். "நல்லாத் தூங்கினீங்களா?" என்று கேட்டார். உடனே ஹெலிகாப்டருக்குத் தகவல் சொல்ல எழுந்து போனார்.

நான் என்ன சொன்னேன் என்பதைக் கவனி. 'போயிருக்கலாம்' என்றுதான் சொன்னேன். 'நான் அனுப்பினேன்' என்று சொல்லவில்லை. வழியெல்லாம் அதைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அந்த மேசைக்கு முன்னால் நின்றதும் நாக்கு வேறு வாக்கியத்தை எடுத்துக் கொடுத்துவிட்டது.

ஹெலிகாப்டர் துயூக் பக்கம் திரும்புவதற்குள் மேகம் இறங்கிவிட்டது. நேற்றுதான் பள்ளத்தாக்கின் வாயில் வண்டியைக் கண்டார்கள். கூரை வரை பனி, உள்ளே ஆள் இல்லை. மேலே மேய்ப்பர்களின் கல் குடிசை ஒன்று இருக்கிறதாம், அடுப்பும் இருக்கிறதாம். அதுவரை போய்ச் சேர்ந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்கிறார் மாரத். இன்று காலை எட்டு பேர் நடந்து ஏறப் புறப்பட்டிருக்கிறார்கள்.

இன்று காலையில் சத்தார்பெக் என் முன்னால் ஒரு காகிதத்தை வைத்தார். பெர்மெத் தன் இஷ்டத்துக்கு, அலுவலகத்தில் யாரிடமும் சொல்லாமல் இடத்தை மாற்றிக்கொண்டாள், ஓட்டுநர் அதற்கு உடந்தை என்று எழுதியிருந்தது. கீழே என் பெயர். கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. நாளை நண்பகலுக்குள் விசாரணைக்காரர்களிடம் கொடுக்க வேண்டுமாம். "நீங்க அவளை அனுப்பினதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா? இல்லையே. அப்புறம் எதுக்குப் பயப்படுறீங்க வாத்தியாரே? இந்த வயசுல ஜெயிலுக்குப் போய் யாருக்கு என்ன லாபம்? பேரன் முகத்தைப் பாக்க வேணாமா?" என்றார். அவர் கெட்டவர் இல்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். கையெழுத்துப் போடவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை.

இப்போது எழுதப் போவதை உன்னிடம் தவிர யாரிடமும் சொல்ல மாட்டேன். மதியம் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மேலே மறுபடியும் பனி விழுகிறது, ஏறிப் போனவர்கள் பாதி வழியில் நின்றுவிட்டார்கள் என்று வானொலியில் சொன்னார்கள். அதைக் கேட்டதும் என் நெஞ்சில் ஏதோ ஒரு முடிச்சுத் தளர்ந்தது. ஒரு நொடிதான். நிம்மதி மாதிரி இருந்தது. எதற்கு நிம்மதி என்று என்னையே கேட்டேன். பிறகு புரிந்தது. பெர்மெத் இறங்கி வந்தால், சார்தான் என்னை அனுப்பினார் என்று சொல்வாள். வராவிட்டால் சொல்ல ஆள் இல்லை. கெண்டியை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். விசாரணைக்காரர்கள் வந்தபோதுகூட எனக்கு இப்படிப் பயம் வரவில்லை. ஜெயில் எப்படி இருக்கும் என்று ஓரளவு யோசிக்க முடிகிறது. இந்த வீட்டில் என்னோடு இருக்கிற இந்த மனிதன் நாளை நண்பகலுக்குள் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியவில்லை.

எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று சத்தார்பெக் கேட்டாரே, இருக்கிறது. பெர்மெத் போவதற்கு முன்னால் ஒரு அரைத்தாளில், துயூக் போக அனுமதி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். நான் அதன் கீழேயே, 'போய் வா, காகிதத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று எழுதித் தேதியும் கையெழுத்தும் போட்டேன். அவள் அதைப் படித்துவிட்டு என்னிடமே பத்திரமாக இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டுப் போனாள். போனை எடுத்துப் போனவர்கள் என் கோட்டுப் பையைத் தொடவில்லை, தாள் அதில்தான் இருந்தது. இன்று தேநீருக்குப் பிறகு அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு முறை அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

அதனால்தான் அதை உனக்கு அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தோடு இதே உறையில் இருக்கிறது. சாபர் ஐந்து மணிக்குப் புறப்படுவான். இரவுக்குள் தாள் எல்லையைத் தாண்டிவிடும், என் கைக்கு எட்டாது.

பெர்மெத் உயிரோடு வந்தால் அதை அவள் கையிலேயே கொடு. வராவிட்டால் அவளுடைய அம்மா தலாஸில் இருக்கிறார், விலாசம் உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். கூபாத்தின் மனைவிக்கும் காட்டச் சொல். இது உன்னிடம் எப்படி வந்தது என்று யார் கேட்டாலும், கணவர் கொடுத்தது, அவர் எழுதியது என்று சொல். எனக்காக ஒரு வார்த்தையும் குறைத்துச் சொல்ல வேண்டாம்.

பேரனுக்கு நாற்பதாம் நாள் சடங்கை நான் வராவிட்டாலும் நடத்திவிடுங்கள். அவன் எந்த வாசலில் நின்றாலும் உள்ளதை உள்ளபடி சொல்லும் தைரியம் அவனுக்கு வரட்டும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நாளையோ மறுநாளோ நானே அங்கு வந்து அந்தத் தாளைத் திருப்பிக் கேட்கலாம். நல்ல காரணங்கள் சொல்வேன். உதாரணம் சொல்லிச் சொல்லி உன்னை ஒப்புக்கொள்ள வைக்கப் பார்ப்பேன், பள்ளியில் இருபது வருடம் அதுதானே என் தொழில். கதவைத் திற. சூடாக ஏதாவது குடிக்கக் கொடு. பேரனை என் மடியில் வை. தாளை மட்டும் கொடுக்காதே.

உன்,
மெலிஸ்