காலி எடை

அன்பு மகளுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல, மாடிவீட்டு டைப்பிஸ்ட் அம்மா எழுதுகிறார். நான் பேசுகிறபடியே எழுதினால் படிக்க லட்சணமாக இருக்காதாம். திருத்தித்தான் எழுதுவேன் என்கிறார். எழுதட்டும். நீ நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். என் நலத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆற்றுப் பாலத்தில் விரிசல் விழுந்து லாரியெல்லாம் அக்கரையில் வரிசைகட்டி நின்றது உனக்கு நினைவிருக்கும். பஸ் கட்டணம் இரண்டு தடவை ஏறி, நீ காலேஜுக்குச் சைக்கிளில் போகத் தொடங்கியதும் அந்த வருஷம்தான். அந்த வருஷம்தான் மூட்டை நம்மிடம் வந்தது. மீசைக்கார டிரைவர் ஜல்லியை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு நான் வேலை பார்த்த எடைமேடைக்கு வந்தான். பின்னால் தார்ப்பாய் மடிப்புக்குள் ஒரு குட்டி கிடந்தது. என்னோடு வேலை பார்த்த நெட்டையன் அதைத் தூக்கி, லாரி நிற்கிற மேடை நடுவில் வைத்தான். முள் அசையவே இல்லை. எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த உன் அம்மா, "அப்போ இந்த உசுரெல்லாம் உங்க மெஷினுக்குக் கணக்கிலேயே வராதா?" என்று கேட்டுவிட்டு அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். நீ சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாய். மூட்டை என்று பெயர் வைத்ததே நீதான்.

இந்தப் பழங்கதை எதற்கு என்றால், அந்த நாயை நான் பட்டினி போடுகிறேன் என்று நீ சொன்னது எனக்கு இன்னும் ஆறவில்லை. அப்படிச் சொல்லவில்லை என்பாய். "நேரத்துக்குச் சாப்பாடு வைக்கிறீங்களாப்பா?" என்று கேட்டாயே, அதற்கு வேறு என்ன அர்த்தம்? பதில் சொல்ல வாயெடுத்தால், "சரிப்பா சரிப்பா, மீட்டிங் இருக்கு" என்று போனை வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாதல்லவா? அதனால்தான் இந்த அம்மாவைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன்.

நீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன எடை மெஷினில் மூட்டை தானாக நிற்பதில்லை. காலடியில் ஏதோ ஆடுகிறது என்று குதித்து ஓடுகிறது. அதனால் அதைத் தூக்கிக்கொண்டு நான் ஏறி நிற்பேன். வருகிற எடையில் என்னுடைய அறுபத்திரண்டைக் கழித்தால் நாய். நீ கிளம்புவதற்கு முன்னால் என்னை ஏற்றிப் பார்த்து நீயே சொன்ன எடை அது. எனக்கு எழுத்துதான் தெரியாது, எண் தெரியும். முதலில் பதினெட்டு கிலோ இருந்தது. மழை விடுவதற்குள் பதினாறு. அப்புறம் பதினைந்து, பதினான்கு.

நான் சும்மா இருந்தேனா? வயிற்றில் பூச்சி இருக்கும் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தேன். பல் வலித்தால் சாப்பிடாது என்று நீ சொன்னாய். டார்ச் அடித்துப் பார்த்தேன், எனக்கு இருப்பதை விட நல்ல பல். கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை வையுங்கள் என்றாய். வைத்தேன். முட்டை அவித்தேன், கறி வேகவைத்தேன். என் தட்டில் விழுவதில் பாதியை அதற்கே தள்ளினேன். எனக்கும் இப்போதெல்லாம் சாப்பாடு அவ்வளவாக இறங்குவதில்லை. நாய் வழித்து நக்கிவிட்டு இன்னும் வேண்டும் என்று பார்க்கும். மெஷினில் ஏறினால் பதின்மூன்று. தின்பது எங்கே போகிறது? ஓட்டை வாளியில் தண்ணீர் இறைத்த கதை.

பார்த்தவர்களெல்லாம் நாய் குண்டாக இருக்கிறது என்றார்கள். இதை எழுதிக்கொண்டிருக்கும் அம்மாவே, "பெரியவரே, இது நாயா, நாலு கால் வச்ச சோபாவா?" என்று கேட்டவர்தான். (இதை எழுத வேண்டாம் என்கிறார். எழுதத்தான் வேண்டும்.) அதெல்லாம் முடி அம்மா, உள்ளே ஒன்றும் இல்லை என்றேன். எடைமேடையில் முடி நரைத்தவன் கண்ணை நம்புவானா? முள் சொல்வதுதான் பேச்சு. தூக்கும்போது முன்னைவிடக் கனத்தது உண்மைதான். மெலிந்த நாய் எப்படிக் கனக்கும்? என் கைக்குத்தான் தெம்பு போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

நடுவில் பெல்ட் கடைக்காரனோடு வேறு சண்டை. என் இடுப்புக்குப் புதிதாக வாங்கிய தோல் பெல்ட், நீண்டுகொண்டே போகிறது. "என்னய்யா தோல் இது, ரப்பரா?" என்று கேட்டேன். அவன் மரியாதையாக இன்னொரு ஓட்டை போட்டுக் கொடுத்தான். அடுத்த தடவை போனபோது என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத்தான் போட்டான்.

பன்னிரண்டு வந்த அன்று, இனிக் கைவைத்தியம் ஆகாது என்று கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாயை ஏற்ற முடியாது என்று பஸ்ஸில் சொல்லிவிட்டார்கள். நடந்தே போனோம். பாதி வழியில் அது உட்கார்ந்துகொண்டது, மீதி வழியில் நான். அங்கே தரையோடு தரையாக ஒரு மெஷின். மூட்டை கல்யாண மாப்பிள்ளை போல ஏறி நின்றது. இருபத்தொன்று!

எனக்கு வந்த ஆத்திரத்தைப் பார்க்க வேண்டுமே. "இந்த மெஷினுக்கு முத்திரை போட்டு எத்தனை காலமாச்சு?" என்று கேட்டேன். டாக்டர் பெண் உன் வயதுதான். கோபப்படவில்லை. என் கையைப் பிடித்து நாயின் விலாவில் வைத்தாள். "எலும்பு கிடைக்குதாய்யா?" என்றாள். தடவித் தடவிப் பார்த்தேன், சதைதான். "லேசா தொட்டதுமே விலா தட்டுப்படணும். இப்படித் தேடணும்னா அது குண்டு நாய்" என்றாள். வீட்டில் எப்படி நிறுத்தேன் என்று கேட்டாள். சொன்னேன். என் பெல்ட்டில் இருந்த புது ஓட்டைகளைப் பார்த்தாள். "நீங்க ஏறுங்க" என்றாள்.

ஐம்பத்து மூன்று.

எனக்கு வந்த எரிச்சல் யார் மேல் என்று தெரியவில்லை. லோடு எடையில் கழிக்கப் பழைய காலி எடைச் சீட்டை நீட்டுகிற டிரைவர்களை நான் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! "போன மாசம் இருந்த வண்டியா இது? டயர் தேஞ்சிருக்கும், பலகை கழண்டிருக்கும், காலியா ஏத்து முதல்ல!" என்று கத்துவேன். லோடுக்கு லோடு காலி எடை போட்டவன், என்னை ஒரு நாளும் காலியாக ஏற்றிப் பார்க்கவில்லை. என் மெலிவையெல்லாம் நாயின் கணக்கில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவள் சொன்னதில் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. வயதான நாய் நிஜமாகவே மெலிந்தால் வெறும் சாப்பாட்டைக் கூட்டிக்கொண்டு உட்காரக் கூடாதாம். தண்ணீர் அதிகம் குடிக்கிறதா, பசி குறைந்ததா, வாந்தி உண்டா, சீக்கிரம் களைக்கிறதா என்று கேட்டு, ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். சொல்லிவிட்டு, "இதையெல்லாம் உங்ககிட்ட யாராவது கேட்டாங்களாய்யா?" என்றாள். நான் நாய்க்கு வைத்தியம் பார்க்க வந்தேன், எனக்கு இல்லை என்று எழுந்துவிட்டேன். வாசல் வரை பின்னாலேயே வந்தாள்.

இப்போது மூட்டைக்குக் காலையில் ஒரு கப், மாலையில் ஒரு கப், தலை தட்டி. முட்டை கிடையாது, தட்டு மிச்சம் கிடையாது. ஒரே மெஷினில், காலை வெறும் வயிற்றில் நிறுக்க வேண்டும். ஒரேயடியாக இறங்கினாலும் ஆபத்தாம். அது என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, வாடகை பாக்கி கேட்க வந்தவன் போல. நான் சாப்பிட உட்கார்ந்தால் முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டு நகர மாட்டேன் என்கிறது. நிம்மதியாக ஒரு வாய் உள்ளே போவதில்லை.

அந்த டாக்டர் பெண்ணின் தொந்தரவு தாங்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கும் போய்வந்தேன். ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். முடிவு கேட்கப் போனால், வீட்டு ஆள் யாரையாவது கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறார்கள். எனக்குச் சொல்லுங்கள், எனக்குக் காது இருக்கிறது என்று சத்தம் போட்டேன். அசையவில்லை. இந்த அம்மா நான் வருகிறேன் என்கிறார். அவர் மாடிவீடு, நம் வீடு இல்லையே. மூட்டையை உள்ளே விட மாட்டார்கள்.

நீ பதறிக்கொண்டு ஓடிவர வேண்டாம். மூட்டையின் விஷயமாகத்தான் ஒரு நடை வந்துவிட்டுப் போ என்கிறேன். நாலு நாள் நான் வீட்டில் இல்லாமல் போனால், கப்பைத் தலை தட்டி அளக்க ஆள் வேண்டும். கேட்கிறதே என்று இரக்கப்பட்டுக் கூடப் போட்டுவிடாத ஆள். வேளைக்குச் சாப்பிடு. உனக்கு ஒரு குறையும் வராது, நன்றாக இருப்பாய்.

எடைமேடையில் அன்று அந்தக் குட்டியைப் பார்த்தவர்களை இப்போது எண்ணிப் பார்த்தேன். மீசைக்கார டிரைவர் மலைப்பாதையில் வண்டியோடு போனான். நெட்டையன் போன குளிருக்குப் போனான். உன் அம்மா போனதை நான் சொல்ல வேண்டியதில்லை. டைப்பிஸ்ட் அம்மா பேனாவை நிறுத்திவிட்டு, "உங்களை விட்டுட்டீங்களே பெரியவரே" என்கிறார். கணக்கு எனக்குத் தெரியும், சொன்னதை எழுதுங்கள் என்றேன்.

மிச்சம் இருப்பது நீ ஒருத்திதான், மகளே.

இப்படிக்கு,
அப்பா