ஓரம் கட்டிய லோரி

தாமரை,

அடுப்பு மேல் மீகூன் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு அப்பாவைத் திட்டு.

இரண்டு நாளாக உன் பிளாஸ்டிக் கட்டை லோரி மேசை நடுவிலேயே நின்றதால், பழுது என்று நினைத்து ஓரம் கட்டிவிட்டேன். நீ அதை நூல் நூலாக நகர்த்தி, ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, சேர்த்து ஓடவிடுவது எனக்குத் தெரியாது. "நாளைக்கு ஸ்கூல்ல காட்டணும்பா, இப்ப லோரி நடுவுல இருந்து ஓரத்துக்குப் பறக்குதுலா!" என்று அழுதாயே.

லோரியை மறுபடி நடுவில் வைத்தேன். மஞ்சள் தலை பொம்மை ஆட்கள் நாலு பேர் அதை ஓரம் வரை தள்ளுவதுபோல் உன் டேப்லெட்டில் முப்பது படம் எடுத்திருக்கிறேன். மேரு ரோட்டில் லோரி பழுதாகி நின்றால் நாங்கள் இப்படித்தான் தள்ளுவோம். இதை இடையில் சேர்த்தால் லோரி பறக்காது.

சில படங்களில் என் கை விழுந்திருக்கிறது. அழிக்காதே, தள்ள ஆள் போதவில்லை.

அப்பா

கடைசிப் படத்தில் என் கைலியும் தெரிகிறது. அதை மட்டும் அழித்துவிடு, டீச்சர் பார்ப்பார்.